கேமரா யாருடன் நடக்கிறது? அச்சங்குளம் முதல் நீதிமன்றம் வரை

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகேயுள்ள அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியது. உயிரிழந்தோர் எண்ணிக்கை சில நாள்களில் 20-ஐக் கடந்தது. அதுவரை வட்டாரத்துக்கு வெளியே எவரும் உச்சரிக்காத ஓர் ஊரின் பெயர் ஒரே மாலையில் தமிழ்நாடு முழுவதும் ஒலித்தது.

சிவகாசி வட்டாரத்தில் வெடிவிபத்து எங்கே நடந்தாலும், தொலைக்காட்சியில் அது சொல்லப்படும் காட்சிமொழி பெரும்பாலும் ஒன்றுதான். தொலைவிலிருந்து புகையை நோக்கி ஒரு ஜூம். தரைமட்டமான அறைகளின்மீது அவசரமாகத் திரும்பும் ஒரு பேன். மருத்துவமனை வாசலில் மார்பில் அறைந்து அழும் பெண்ணின் முகத்தை நோக்கி மீண்டும் ஒரு ஜூம். இப்போது கூடுதலாக, வானிலிருந்து ஒரு ட்ரோன். பிறகு அமைச்சரோ ஆட்சியரோ வருகிறார். அதுவரை அலைபாய்ந்த கேமரா அப்போது நிதானம் கொள்கிறது. அவருக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி, அவருடைய நடையின் வேகத்துக்குத் தன் வேகத்தைப் பொருத்திக்கொள்கிறது. அந்த ஆலைக்குள் தினமும் நடந்து சென்ற தொழிலாளியோடு அது ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

இதை ஊடகத்தாரின் அறக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியாது. கேமராவின் நகர்வுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. அந்த இலக்கணத்தைத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கற்கிறார்கள். அதனால் பார்க்கப்படும் மக்கள் கற்பதில்லை. ஒடுக்கப்பட்டோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில், நாமும் அதைக் கற்றாக வேண்டும் என்று கருதுகிறேன்.

அடிப்படைகள் எளியவை. பேன் என்பது கேமரா நின்ற இடத்திலேயே நின்று இடவலமாகத் திரும்புவது. டில்ட் என்பது மேலும் கீழுமாக அசைவது. கதாநாயகனின் செருப்பில் தொடங்கி முகத்தில் முடியும் அறிமுகக் காட்சியை நினைத்துக்கொண்டால் போதும். ஜூமில் கேமரா நகர்வதே இல்லை. லென்ஸ் மட்டும் வேலை செய்கிறது. தண்டவாளம் போட்டு, சக்கரப் பலகையின்மீது கேமராவை வைத்துத் தள்ளுவது ட்ராலி. தோளில் சுமந்தபடி எடுப்பது கையடக்க ஷாட். உடலின் குலுக்கலைக் கேமராவுக்குக் கடத்தாத ஸ்டெடிகேம் கருவி 1970களின் நடுவில் காரெட் பிரவுன் என்ற அமெரிக்கரால் உருவாக்கப்பட்டது.

ஜூமுக்கும் ட்ராலிக்கும் உள்ள வேறுபாடே நம் விவாதத்துக்கு முதன்மையானது. இரண்டிலும் முகம் பெரிதாகிறது. ட்ராலியில் நெருங்கும்போது பக்கத்திலுள்ள சுவரும் மரமும் மனிதர்களும் விலகிக் கடந்து போகிறார்கள். பார்ப்பவர் அவ்விடத்துக்குள் உண்மையிலேயே நுழைகிறார். ஜூமில் நெருங்கும்போது நிற்பவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். தெருவுக்குள் கால் வைக்காமல், அத்தெருவின் துயரத்தை மட்டும் கைநீட்டி எடுத்துக்கொள்வது அது. நம் குடியிருப்புகளின் எல்லையில் நின்றபடியே படம்பிடித்துச் செல்லும் வாகனங்களைக் கண்டவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் நெருங்கிச் செல்வதும் தன்னளவில் நேர்மையாகிவிடாது. இத்தாலிய இயக்குநர் கில்லோ பொந்தெகோர்வோ 1960-இல் எடுத்த ‘காப்போ’ நாஜி வதைமுகாமைப் பற்றிய படம். அதில் ஒரு பெண் மின்வேலியில் விழுந்து தற்கொலை செய்துகொள்கிறாள். அந்தக் கணத்தில் கேமரா ட்ராலியில் முன்னேறி, அவளது உயிரற்ற உடலை அழகிய சட்டகமாக ஒழுங்குபடுத்திக் காட்டுகிறது. பிரெஞ்சு விமர்சகர் ழாக் ரிவெத் 1961-இல் ‘கயே து சினிமா’ இதழில் இந்த ஒரே நகர்வைக் கடுமையாகக் கண்டித்தார். செத்துக்கிடப்பவளைப் பார்வைக்கு இனியவளாக்க எடுக்கப்பட்ட முடிவே அவருடைய கண்டனத்துக்கு இலக்கு. இதே பொந்தெகோர்வோதான் 1966-இல் ‘அல்ஜியர்ஸ் போர்’ எடுத்து, காலனி எதிர்ப்புப் போராளிகளின் மதிப்பைப் பெற்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல அரசியல் உள்ளவரின் கேமராவும் தவறான இடத்துக்கு நகர்ந்துவிடக்கூடும்.

தமிழுக்கு வருவோம். ‘சின்னக் கவுண்டர்’, ‘தேவர் மகன்’, ‘நாட்டாமை’ என 1990களில் வரிசையாக வந்த ஊர்ப் பெரியவர் படங்களில் கேமராவின் வழித்தடம் ஏறக்குறைய முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஒன்று. பெரிய வீட்டு முற்றம், கோயில் வாசல், பஞ்சாயத்து மேடை, வயல். ஊரின் முழு அழகையும் சுற்றிக்காட்டுவதாகச் சொல்லிக்கொண்ட அந்தப் படங்களின் கிரேனும் ட்ராலியும் சேரிப் பக்கம் அரிதாகவே திரும்பின. ஊர் எது, ஊருக்கு வெளியே எது என்ற பிரிவினையை வசனம் சொல்வதற்கு முன்பே கேமராவின் பாதை சொல்லிவிட்டது.

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ அச்சங்குளம் விபத்துக்கு இரண்டு மாதம் கழித்து, 2021 ஏப்ரலில் வெளிவந்தது. தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. 1995-இல் கொடியன்குளத்தில் நடந்த காவல்துறை வன்முறையை நினைவூட்டும் அப்படத்தின் தொடக்கம், நடுச்சாலையில் வலிப்பு வந்து துடிக்கும் ஒரு சிறுமி. அவளுக்கு இருபுறமும் வாகனங்கள் நிற்காமல் போகின்றன. கேமரா உயரத்திலிருந்து செங்குத்தாகக் கீழே பார்க்கிறது. மேலிருந்து பார்க்கும் கோணம் பொதுவாக அதிகாரத்தின் கோணம். நிலஅளவைக்கும் கண்காணிப்புக்கும் உரியது. இங்கே அதே கோணம் சாலையில் செல்லும் ஒவ்வொரு வாகனத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. செய்தித் தொலைக்காட்சியின் ட்ரோனும் இதே உயரத்தில்தான் பறக்கிறது. ட்ரோன் காட்டுவது சேதத்தின் பரப்பளவை; இந்தக் காட்சி காட்டுவது நிற்க மறுத்தவர்களை. பேருந்து நிற்காத ஊர் என்பதே கதையாக இருக்கும் ஒரு படத்தில், எது நகர்கிறது, எது நகர முடியாமல் கிடக்கிறது என்பதுதானே முதல் கேள்வி.

அதே 2021 பிப்ரவரித் தொடக்கத்தில் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ டைகர் விருது பெற்றது. மதுரை மாவட்டத்தின் வறண்ட நிலத்தில், குடிகாரத் தந்தையும் பள்ளிச் சிறுவனும் கிடுகிடுவென நடக்கிறார்கள். பேருந்துக் காசைச் சிறுவன் கிழித்துப் போட்டுவிடுவதால் 13 கிலோமீட்டரும் நடந்தே திரும்பியாக வேண்டும். கேமரா அவர்கள் பின்னால் நடக்கிறது. எனக்குத் தெரிந்து, நடையின் களைப்பைப் பார்வையாளரின் உடலில் இவ்வளவு நேரடியாக ஏற்றிய தமிழ்ப்படம் வேறில்லை. ‘கட்’ செய்திருந்தால் அந்த வெயில் இல்லை. இங்கிருந்து அங்கே வந்துவிட்டார்கள் என்ற தகவல் மட்டுமே மிஞ்சியிருக்கும். இறுதியில் படம் ஊற்றடியில் வந்து நிற்கிறது. பெண்கள் குழியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். குடம் நிரம்ப எவ்வளவு நேரமாகுமோ, படம் அதற்கு ஈடுகொடுத்துப் பொறுத்திருக்கிறது.

மராத்தியில் நாக்ராஜ் மஞ்சுளே 2013-இல் எடுத்த ‘ஃபன்றி’ நகர்வை வரலாற்றோடு பிணைத்த படம். பன்றி பிடிக்கும் வேலை சுமத்தப்பட்ட கைக்காடிக் குடும்பம், பிடித்த பன்றியைக் கழியில் கட்டிச் சுமந்து பள்ளிச் சுவரோரம் போகிறது. சுவரில் அம்பேத்கர், ஜோதிராவ் புலே, சாவித்திரிபாய் புலே ஆகியோரின் ஓவியங்கள். சுமப்பவர்களின் நடையில் அந்த முகங்கள் ஒவ்வொன்றாகப் பின்னணியில் கடக்கின்றன. தனித்தனி ஷாட்டுகளாக எடுத்து ஒட்டியிருந்தால் அது சின்னங்களின் பட்டியலாகச் சுருங்கியிருக்கும். ஒரே நகர்வில் வரும்போது, அந்தத் தலைவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே பன்றி சுமக்கப்படுகிறது. படத்தின் முடிவில் சிறுவன் ஜப்யா எறியும் கல் கேமராவை நோக்கியே வருகிறது. இதுவரை பார்த்துக்கொண்டிருந்த நம் மீது.

நகர்வின் பொருளை நன்கு அறிந்தவர்களுக்கே நிற்கவும் தெரியும். சைதன்ய தம்ஹானேவின் ‘கோர்ட்’ (2014), தலித் மக்கள் பாடகர் ஒருவர்மீது தொடுக்கப்படும் அபத்தமான வழக்கைப் பற்றியது. நீதிமன்ற அறையில் கேமரா பெரும்பாலும் ஒரே இடத்தில் அசையாமல் அமர்ந்திருக்கிறது. வழக்கு ஒத்திவைக்கப்பட, ஒத்திவைக்கப்பட, நாமும் பார்வையாளர் இருக்கையில் சிக்கிக்கொள்கிறோம். கோடை விடுமுறைக்காக விளக்குகள் அணைக்கப்பட்ட பிறகும் கேமரா அந்த இருட்டறையை விட்டு வெளியேறுவதில்லை. விசாரணை நீதிமன்றத்தில் பத்தாண்டு காத்திருந்த எந்தக் குடும்பத்துக்கும் இந்த அசைவின்மை புரியும். சட்டக் கல்லூரி மாணவனின் கதையான ‘பரியேறும் பெருமாள்’ (2018) அருகருகே இருக்கும் இரண்டு தேநீர்க் குவளைகளிலும் இடையே ஒரு பூவிலும் முடிகிறது. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்த ஒரு நாட்டில், அவ்விரு குவளைகளையும் ஒரே சட்டகத்தில் கேமரா அசையாமல் பார்ப்பதே போதுமான வாதம்.

இனி, இவை அனைத்தும் வழக்குக் கட்டுக்குள் எப்படி வருகின்றன என்பதைப் பார்ப்போம்.

சம்பவ இடத்தைக் காவல்துறை காலங்காலமாகப் பார்வை மகஜராலும் மாதிரி வரைபடத்தாலும்தான் பதிவு செய்தது. இப்போது காணொளியும் சேர்ந்துள்ளது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சோதனையையும் கைப்பற்றலையும் காணொளியாகப் பதிவுசெய்யக் கோருகிறது. 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில், தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரும்போது காணொளிப் பதிவு எடுக்கப்பட வேண்டும் என்கிறது 176(3). அதற்கும் முன்பே, 2016 ஜனவரி 26 முதல் நடப்புக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தின் 15ஏ(10) பிரிவு, அச்சட்டத்தின் கீழான குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் அனைத்தும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று ஆணையிட்டுவிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்காக நாம் போராடிப் பெற்ற உரிமை இது. ஆனால் கேமரா எங்கே நிற்க வேண்டும், எதிலிருந்து தொடங்கி எதில் முடிய வேண்டும் என்பதைப் பற்றி இப்பிரிவுகள் பேசுவதில்லை. அந்த இடைவெளியில்தான் வழக்குகள் தோற்கின்றன.

எரிக்கப்பட்ட குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்து வீடுகளைப் பத்துத் துண்டுக் காட்சிகளாக எடுத்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது இதுதான்: இவை ஒரே தெருதானா? இந்த வீடுகளுக்கு நடுவே எரியாத வீடு எத்தனை? ஊர்த் தெரு எவ்வளவு தொலைவு? ‘கட்’ என்பது இடத்துக்கும் இடத்துக்கும் உள்ள உறவை அழித்துவிடுகிறது. தெருமுனையில் தொடங்கி, வீடு வீடாக, நிறுத்தாமல் நடந்து, எதிர்முனையில் ஊர்ச் சாலையைத் தொட்டு முடியும் ஒரே பதிவு அந்தக் கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லும். இயக்குநருக்கு லாங் டேக் ஓர் அழகியல் தேர்வு. நமக்கு அது சாட்சியம். ஜூம் தொலைவைச் சுருக்கிக் காட்டும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. வேகமான பேன் கண்ணுக்கு எதையும் தராது. ஒரு சுவரைப் படிக்க முடியும் வேகத்தில் திரும்ப வேண்டும். எடுத்த கோப்பை வெட்டாமல், வாட்ஸ்அப்பில் சுருங்க விடாமல், எடுத்த கருவியோடு வைத்திருக்க வேண்டும். மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழை பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கிறது.

பட்டாசு ஆலைக்கு இது இன்னும் நேரடியாகப் பொருந்தும். அங்கே பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் இடம் சார்ந்தவை: அறைக்கும் அறைக்கும் எவ்வளவு தொலைவு, ஓர் அறையில் எத்தனை பேர், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மருந்துக் கலவை எங்கே இருக்கிறது, வேலை அறைக்குள் நடக்கிறதா மரத்தடியிலா. ஒரு நிதானமான பேன் இவற்றில் பாதியைச் சொல்லிவிடும். அச்சங்குளம் விபத்தைச் செய்தித்தாள் செய்தியின் அடிப்படையில் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உயிரிழந்தோர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று ஆணையிட்டது. உரிமம் ஒருவரிடம் இருக்க, அறைகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்த நடைமுறையும் அப்போது பொதுவெளிக்கு வந்தது. எந்த அறை யாருடைய குத்தகை என்பது வெடித்தபின் எடுத்த எந்தப் படத்திலும் தெரியாது. இடிபாடுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

இங்கே ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. பட்டாசு வளாகத்துக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது. அந்தத் தடை நியாயமானது, தீப்பொறி அபாயம் உண்மையானது. எவரும் உள்ளே கேமராவுடன் செல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆகவே வெளியுலகம் பார்க்கும் பட்டாசு அறை என்பது அநேகமாக எப்போதும் வெடித்து முடிந்த அறைதான். சலம் பென்னூர்கர் 1990-இல் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தை எடுத்தார். அதற்குப் பிறகான முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் கைக்கு ஒரு கேமரா வந்துவிட்டது. அந்த அறைகளுக்குள் நடக்கும் உழைப்பு மட்டும் இன்னும் காணப்படாமலேயே இருக்கிறது. ஆய்வாளர்கள் விபத்துக்கு முன் செய்யும் ஒவ்வோர் ஆய்வையும் வெட்டாத காணொளியாகப் பதிவு செய்து, தொழிலாளர் கேட்டால் தர வேண்டும் என்று கோருவதே இதற்கு நான் காணும் சட்டவழி. காவல்துறைக்கு விதித்த கடமையை வெடிபொருள், தொழிற்சாலை ஆய்வுத் துறைகளுக்கும் விரிவுபடுத்தக் கேட்பதில் தவறேதுமில்லை.

அதுவரை, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதி இளைஞர்கள் கையிலுள்ள போனால் ஒரு படம் எடுக்கலாம். விடியுமுன் வீட்டு வாசலில் தொடங்கட்டும். தூக்குவாளியோடு கிளம்பும் அம்மாவின் பின்னால், தெருவைக் கடந்து, ஆள் ஏற்ற வரும் வேன் நிற்கும் இடம் வரை, அவர் நடக்கும் வேகத்திலேயே கேமரா நடக்கட்டும். வேனில் எத்தனை பேர் அடைக்கப்படுகிறார்கள் என்பது தானாகப் பதிவாகும். ஆலை வாசலுக்கு நெடுந்தொலைவு முன்பே போனை அணைத்துவிட வேண்டும். மாலையில் வேன் திரும்பும் இடத்தில் மறுபடி தொடங்கலாம். மருந்து படிந்த கைகளோடு இறங்குபவர்களை ஒவ்வொருவராக, அவசரப்படாமல்.