டேஷ்போர்டில் ஒரு அலாவுதீன் விளக்கு!

வீட்ல விளக்கு எரிஞ்சா லட்சுமி வருவாள்னு சொல்வாங்க. ஆனா, காரின் டேஷ்போர்டில் அந்தச் சின்ன சிவப்பு விளக்கு எரிஞ்சா, கையில இருக்கிற லட்சுமியும் மெக்கானிக் ஷெட்டுக்குக் கிளம்பிடுவாள். அலாவுதீன் படத்தில் வருமே, மூக்கு நீண்ட விளக்கு... அதே ஷேப்தான். அதுதான் ஆயில் பிரஷர் விளக்கு.

செமஸ்டர் பேப்பரில் 'லூப்ரிகேஷன் சிஸ்டம்' படத்தை கலர் கலரா வரைஞ்சு மார்க் அள்ளினவன் நான். ஆனா ஆயில் பம்ப்பை முதல்முதலா கையில் தொட்டது, வியாசர்பாடியில் ஒரு ஷெட்டில்தான். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் ஊரையே புரட்டிப் போட்ட நேரம். காலேஜுக்கு மழை லீவு. ஷெட்டில் டார்ச் பிடிக்கிறதுதான் என் வேலை.

அங்கே வந்து நின்றது, காசிமேட்டிலிருந்து மீன் ஏத்துற ஒரு பழைய ஆம்னி. மழைன்னாலே கணேசபுரம் சுரங்கப்பாதை எப்படி இருக்கும்னு வடசென்னைக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 'தாண்டிடலாம்'னு இறக்கியிருக்கிறார் டிரைவர். நடுவிலேயே வண்டி ஆஃப். தண்ணி வடிஞ்சதும் தள்ளிட்டு வந்து, மறுநாள் செல்ஃப் அடிச்சிருக்கார். ஸ்டார்ட் ஆயிடுச்சு! ரெண்டு நாள் லோடு அடிச்சார். மூணாவது நாள், விளக்கு.

"பம்ப் போயிட்ச்சாம்ண்ணா. அத்த மட்டும் மாத்திக் குடுத்துடு, காலைல லோடு இருக்கு" என்றார் டிரைவர்.

மெக்கானிக் அண்ணன் பதிலே பேசலை. என்னைப் பார்த்து, "தம்பி, ஆயில் ஸ்டிக்கைப் புடுங்கு" என்றார். புடுங்கினேன். டிகாஷன் கலரில் இருக்க வேண்டியது, ஸ்ட்ராங்கான பால் டீ மாதிரி இருந்தது. தண்ணி கலந்த ஆயில்!

இங்கேதான் பலபேர் ஏமாறுறோம். அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்றதில்லை, அழுத்தத்தைத்தான் சொல்லுது. நம்ம கார் டயரில் அடிக்கிற காற்று 30 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 2 பார். ஓடுற இன்ஜினில் ஆயில் அழுத்தம் பொதுவா அதைவிட அதிகமாவே இருக்கும். அது அரை பாருக்கும் கீழே விழுந்த பிறகுதான் பெரும்பாலான வண்டிகளில் விளக்கே எரியும். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்தச் சந்தில் ஆயில் படலம் இருக்கிற வரைக்கும் இரும்பும் இரும்பும் உரசாது. படலம் போச்சுன்னா, சில நிமிஷத்தில் இன்ஜின் சீஸ். அதனால விளக்கு எரிஞ்சா 'அடுத்த பங்க் வரைக்கும் ஓட்டிடலாம்'கிற கதையே கிடையாது. ஓரங்கட்டு, ஆஃப் பண்ணு. அவ்ளோதான்.

அதுக்காக எடுத்தவுடனே பம்ப் மேல பழி போடக்கூடாது. ஆயில் குறைஞ்சிருக்கலாம், விளக்குக்குப் போற சுவிட்ச் கெட்டிருக்கலாம், பேரிங் தேஞ்சு அழுத்தம் அங்கேயே கசியலாம். அண்ணன் சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு மீட்டரை மாட்டிப் பார்த்தார். முள் எழவே இல்லை. அப்புறம்தான் சம்ப்பைக் கழற்றினார். பம்ப் ஆயிலை உறிஞ்சுற சல்லடை மேல, சேறும் ஆயிலும் குழைஞ்சு களிம்பா அப்பியிருந்தது.

ஆம்னியில் இருக்கிறது 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜின். மாருதி 800-ல் ஓடின அதே குடும்பம். பம்ப், கிராங்க்கின் முன்முனையில், டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். பெல்ட், புல்லி எல்லாம் இறங்கினாத்தான் அதன் தரிசனம். உள்ளே ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு ரோட்டார். உள் ரோட்டாருக்கு ஒரு பல் கம்மி. அந்த ஒரு பல் வித்தியாசத்தில்தான் ஆயில் ஒரு பக்கம் உறிஞ்சப்பட்டு மறுபக்கம் பிதுங்குது. படத்தில் பத்து தடவை வரைஞ்சிருக்கேன்... அன்னிக்குத்தான் புரிஞ்சது!

ரோட்டார் மேல ஸ்டீல் ஸ்கேலை வெச்சு, இடைவெளியில் ஃபீலர் கேஜ் விட்டார். தாராளமா போச்சு. மண் அரைச்ச கோடுகள் நகத்துக்கே தட்டுப்பட்டன. பம்ப் காலி. பேரிங் மூடியைத் திறந்தா, அங்கேயும் அதே கோடு.

"பம்ப் தனியா சாவாது நைனா. நீ தண்ணில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணப்பவே, அது அந்தச் சேத்தைத்தான் இன்ஜின் பூரா சப்ளை பண்ணிச்சு."

டிரைவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அன்னிக்கே ஆயிலும் ஃபில்டரும் மாத்தியிருந்தா ஒருநாள் லோடு காசோட முடிஞ்சிருக்கும். இப்போ பம்ப், பேரிங், கூலி, அதுக்கு மேல ஒரு வாரம் வண்டி ஓடாது. அவர் முகத்தைப் பார்க்க முடியலை.

புது பம்ப் மாட்டினப்போ நான் கத்துக்கிட்டது, எங்க லேப் மேனுவலில் இல்லாத சமாச்சாரம். ரோட்டாருக்குள்ள முதல்ல ஆயில் ஊத்தித்தான் மாட்டணும். காய்ஞ்ச பம்ப் உறிஞ்சாது. சம்ப்புக்குத் தடவுற சிலிகான் பேஸ்ட்டை அப்பக்கூடாது. உள்ளே பிதுங்குற துணுக்கு உடைஞ்சு, அதே சல்லடையில் போய் அடைக்கும். டைமிங் பெல்ட்டை மார்க் பார்த்து மாட்டணும். கடைசியா, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிட்டு, இன்ஜினை ஓடவிடாம வெறும் செல்ஃப் மட்டும் விட்டுவிட்டு அடிச்சு, மீட்டர் முள் எழுந்த பிறகுதான் நிஜ ஸ்டார்ட்!

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப்போற மச்சிகளுக்கு ஒரு விஷயம். சாவியை ஆன் பண்ணதும் அந்த விளக்கு எரியணும். ஸ்டார்ட் ஆன சில விநாடியில் அணையணும். ஆன் பண்ணும்போதே எரியலைன்னா, பல்பு போயிருக்கும்... இல்லை, யாரோ வேணும்னே பிடுங்கியிருப்பாங்க. விளக்கை அணைக்க கெட்டியான ஆயில் ஊத்தி விக்கிற வித்தையும் உண்டு. அதனால இன்ஜின் நல்லா சூடாகி, ஐடிலில் நிக்கும்போது ஒருமுறை பாருங்க.

பால் டீ ஆயிலை அண்ணன் கேனில் பிடிச்சு, பழைய ஆயில் எடுக்கிறவருக்காக ஓரமா வெச்சார். கால்வாயில் ஊத்தலை. அதே மாசம் வெள்ளத்தோட வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படிஞ்சதைப் பார்த்த ஊராச்சே.

எட்டாவது நாள் ஆம்னி ஸ்டார்ட் ஆச்சு. விளக்கு எரிஞ்சது, ரெண்டு விநாடியில் அணைஞ்சது. அடுத்து ஒரு பெருமழை வந்தப்போ அண்ணனுக்கு போன். "சுரங்கப்பாதைக்கு இந்தாண்டயே நிறுத்திட்டேன்ண்ணா... மீனு நாறுது, இன்னா பண்ணட்டும்?"

"நாறட்டும்" என்று போனை வைத்தார் அண்ணன்.