திருச்சி விமான நிலையமும் நம் வீட்டு முதியோரும்

ஊரிலிருந்து பெற்றோரை வரவழைப்பதென்றால், ரயிலில் கீழ்ப்படுக்கை கிடைக்குமா என்பதே முன்பெல்லாம் நம் கவலை. இப்பொழுது பேச்சு வேறு. “திருச்சியில் விமானம் ஏற்றிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் மும்பை” என்கிறார் மகன். “அத்தை தனியாக எப்படி வருவார்கள்? தமிழ் தவிர வேறு பேச்சுத் தெரியாதே” என்கிறார் மருமகள். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் பெரியம்மா, தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்திற்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து, 74 வயதில் முதன்முறையாக விமானமேறித் தனியே வந்து சேர்ந்தார். அதில் நாங்கள் சரியாகச் செய்தவை சில, தவறியது ஒன்று. சங்க அன்பர்களுக்கு அவை பயன்படக்கூடும்.

முதலில் ஒரு வார்த்தை. தஞ்சை, புதுக்கோட்டை, திருச்சி வட்டாரத்தைச் சேர்ந்த நம்மவர் பலர், பழக்கத்தால் இன்னமும் சென்னைக்கே டிக்கட் வாங்குகின்றனர். கட்டணம் சில நூறு ரூபாய் குறைகிறது என்பது காரணம். ஆனால் திருச்சியிலிருந்து சென்னை சுமார் 330 கிலோமீட்டர். முதியவர் ஒருவரை இரவெல்லாம் பேருந்தில் உட்கார வைத்து, விடிந்ததும் விமானம் ஏற்றுவதில் மிச்சமாவது என்ன என்பது எனக்கு விளங்கவில்லை.

திருச்சி நிலையம் புதியதன்று. 1930களின் இறுதியில் கராச்சியிலிருந்து கொழும்பு வரை சென்ற டாடா நிறுவனத்தின் தபால் விமானங்களுக்குத் திருச்சியும் ஒரு தங்குமிடம். 2012 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதனைச் சர்வதேச நிலையமாக்க ஒப்புதல் அளித்தது. இன்று நாம் காணும் புதிய முனையம் 2024 ஜனவரி 2ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்று, அவ்வாண்டு ஜூன் 11 முதல் பிரயாணிகளின் உபயோகத்திற்கு வந்தது. செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 44 லட்சம் பேரைத் தாங்கும் அளவினது. திருவரங்கத்துக் கோபுரத்தின் வண்ணங்களையும் கோலங்களையும் சுவர்களில் தீட்டியிருக்கின்றனர். பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாராம்!

இங்கே ஒரு விசேஷம் உண்டு. உள்நாட்டுப் பிரயாணிகளைவிட வெளிநாடு செல்வோரே திருச்சியில் அதிகம். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நாடுகள் என்று விமானங்கள் வந்து போகின்றன. அவை வந்திறங்கும் வேளையில் ஒருவரை வரவேற்கப் பத்துப் பேர் வேன் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். வாசலில் தெரியும் கூட்டத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். உள்ளே நடக்கும் தூரம் குறைவு. நிறுவனச் சிப்பந்திகளிடம் தமிழிலேயே பேசலாம்.

நிலையம் நகருக்குத் தெற்கே, புதுக்கோட்டைச் சாலையில், ரயில் சந்திப்பிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் உள்ளது. பேருந்துகள் அவ்வழியே செல்கின்றன. எனினும் சாலையோரத்தில் இறங்கிப் பெட்டியுடன் உள்ளே நடப்பது முதியோருக்கு ஆகாது. வெளியூர்ப் பேருந்துகள் பலவும் 2025 ஜூலை முதல் மதுரைச் சாலையிலுள்ள பஞ்சப்பூர் நிலையத்திற்கு மாற்றப்பட்டுவிட்டன. எனவே மத்திய பேருந்து நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்னும் பழைய கணக்கில் யாரையும் அனுப்பிவிடாதீர்கள். தஞ்சைப் பக்கத்திலிருந்து டாக்சியில் வருவோர் நகருக்குள் புகவே வேண்டியதில்லை. துவாக்குடிக்கருகே பிரியும் அரைவட்டச் சாலை, மாத்தூரில் புதுக்கோட்டைச் சாலையைத் தொடுகிறது.

இனி மூட்டை முடிச்சு. உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோ பெட்டியில், 7 கிலோ கையில். அப்பளம், வடகம், அரிசி மாவு எதற்கும் தடையில்லை. நெய்யும் எண்ணெயும் கைப்பையில் கூடாது. நன்றாகக் கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். அரிவாள்மணையும் அப்படியே. கற்பூரமும் தீப்பெட்டியும் கையிலும் ஆகாது, பெட்டியிலும் ஆகாது; அவை தீப்பற்றும் பண்டங்கள். தேங்காயைக் கையில் கொண்டு செல்ல இயலாமல் சபரிமலை பக்தர்கள் பட்ட சங்கடத்தைக் கண்டு, 2024 அக்டோபரில், இருமுடித் தேங்காய்க்கு மட்டும் 2025 ஜனவரி 20 வரை விலக்கு அளித்தார்கள். ஆகவே பூஜைத் தேங்காய் நினைவிருக்கட்டும். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் இதற்கு நேர்மாறு: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

டிக்கட் இல்லாதவரை உள்ளே விடுவதில்லை. வாசலிலேயே பிரிய வேண்டும். இதைப் பலர் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதியவர் திகைத்துப் போகிறார். பெரியம்மாவிடம் ஆதார் அட்டையையும் டிக்கட் தாளையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தோம். வாசலில் காவலர் தாளைப் பார்த்து ஹிந்தியில் ஏதோ கேட்டாராம். “தம்பி, எனக்கு ஒன்றும் புரியவில்லை, என் பேர் அதில் இருக்கிறது பார்” என்று அட்டையை நீட்டியிருக்கிறார். அவரும் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். புறப்படுமுன் ஒரு மணி நேரத்தில் பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுவர். இரண்டு மணி முன்னதாகவே போய்விடுவது நல்லது. மருந்துகளும், வைத்தியர் எழுதிய சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும்.

எங்கள் தவறு இதுதான். திருச்சியில் தூரம் குறைவு என்பதால் சக்கர நாற்காலி எதற்கு என்று விட்டுவிட்டோம். இறங்கும் நிலையம் எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. முழங்கால் வலியுடன் நீண்ட தாழ்வாரத்தில் நடந்த பெரியம்மா, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். கைத்தொலைபேசியோ பெட்டிக்குள். வெளியே நாங்கள் ஒரு மணி நேரம் தவித்தோம். யாரோ ஒரு தமிழ்ப் பெண் கண்டு அழைத்து வந்தார். அவருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

இது சிறு விஷயமன்று. 2024 பிப்ரவரியில், வெளிநாட்டிலிருந்து மும்பையில் வந்திறங்கிய 80 வயதுப் பிரயாணி ஒருவர், தம்பதிக்கு இரண்டு நாற்காலி கேட்டிருந்தும் ஒன்றே கிடைத்ததால், மனைவியை அதில் அமர்த்தித் தாம் நடந்து சென்று, மயங்கி வீழ்ந்து உயிரிழந்தார். விமானப் போக்குவரத்து இயக்ககம் அந்நிறுவனத்திற்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஆதலால் டிக்கட் வாங்கும்போதே, எவ்வகையிலும் புறப்பாட்டிற்கு 48 மணி முன்னதாகவே, நாற்காலி வேண்டுமென்று பதிந்துவிடுங்கள். கவுண்டரில் மறுபடியும் சொல்லச் சொல்லுங்கள். உதவியாளர் இறங்குமிடத்தில் வெளிவாசல் வரை அழைத்து வருவார். தொலைபேசி மடியில் இருக்கட்டும்.

நேர் விமானம் இல்லாத ஊரினர் பெங்களூரிலோ சென்னையிலோ மாற நேரும். அப்பொழுது இரண்டு பயணத்தையும் ஒரே நிறுவனத்தில், ஒரே டிக்கட்டாக எடுப்பதே முறை. பெங்களூரில் முனையங்கள் இரண்டு. தனித்தனி டிக்கட் எடுத்தால், பெட்டியை வாங்கிக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பேருந்தேற நேரலாம். முதியவர் தனியே செய்யக்கூடியதன்று. தவிர, இவ்வூர்களுக்குச் செல்பவற்றுள் ஏ.டி.ஆர். என்னும் சிறு விமானங்களும் உண்டு. அவற்றில் தரையிலிருந்து படியேற வேண்டும். இதையும் நாற்காலிக்குப் பதியும்போதே சொல்லி வைப்பது நலம்.

பெரியம்மா மாசி மாதம் ஊர் திரும்புகிறார். டிக்கட் வாங்கியாயிற்று, நாற்காலிக்கும் பதிந்தாயிற்று. இங்குள்ள கோயில் கடையில் வாங்கிய கற்பூர டப்பாவைப் பெட்டியில் வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறோம். இன்னும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை.