சுரங்கத்தின் ஓசையும் சினிமாவின் ஒலியும்

பா. ரஞ்சித் இயக்கி 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த 'தங்கலான்', வட ஆர்க்காட்டிலிருந்து தங்கம் தோண்ட வந்த நம் முன்னோரைக் கதைமாந்தராகக் கொண்ட படம். அதன் ஒரு பகுதி தங்கவயலிலேயே படமாக்கப்பட்டது. நடிகர்கள் பேசும்போதே வசனத்தைப் பதிவு செய்யும் 'லைவ் சவுண்ட்' முறை அதில் கையாளப்பட்டது.

இம்முறை புதிதன்று. 1931-இல் 'காளிதாஸ்' வந்த காலத்தில் படப்பிடிப்பின்போதே பேச்சும் பாட்டும் பதிவாயின. பின்னர் வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியது. கேமராவின் இரைச்சலும் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் சத்தமும் இடையூறாயின. எனவே ஸ்டுடியோவில் உதட்டசைவுக்கேற்ப மீண்டும் பேசிச் சேர்க்கும் 'டப்பிங்' வழக்கமாயிற்று. 2001-இல் வந்த 'லகான்' இந்தித் திரையுலகில் பழைய முறையை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கான தேசிய விருதை நகுல் காம்டேவும் நம் எச். ஸ்ரீதரும் பகிர்ந்துகொண்டனர்.

வசனம் மட்டும் போதாது. காலடி, துணியின் சரசரப்பு, கடப்பாரை கல்லில் படும் ஓசை ஆகியவற்றைத் திரையைப் பார்த்தபடியே தனியாகச் செய்து சேர்ப்பார்கள். அமெரிக்கரான ஜாக் ஃபோலியின் பெயரால் இது 'ஃபோலி' எனப்படுகிறது. காற்று, பறவை, தொலைதூர இரைச்சல் ஆகியவை சூழல் ஒலி. யாரும் பேசாத அமைதியைக்கூட அந்தந்த இடத்திலேயே ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வார்கள். ஏனெனில் ஒவ்வோர் இடத்தின் அமைதியும் வேறு. பாறைச் சுவர்களுக்கிடையே ஒலி பலமுறை மோதித் திரும்பி, தாமதமாகக் காதை அடையும். இறுதிக் கலவையில் அந்த எதிரொலியைச் சரியான அளவில் சேர்த்தால்தான் சுரங்கம் சுரங்கமாகக் கேட்கும்.

இங்கேதான் நமக்கொரு கவலை. மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் சென்ற சாம்பியன் ரீஃப் உட்பட நம் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அடியில் நீர் நிரம்பிவிட்டது. கூண்டு இறங்குமுன் அடித்த மணி, ஷிப்டுக்கு ஊதிய சங்கு, பாறை வெடித்து வீடுகள் அதிர்ந்த ஓசை ஆகியவற்றை இனி எவரும் போய்ப் பதிவு செய்ய இயலாது. நாளை ஒரு ஒலி வடிவமைப்பாளர் வேறொரு இயந்திரத்தின் சத்தத்தைப் பொருத்தினால், "இது எங்கள் சுரங்கத்தின் ஓசை அல்ல" என்று சொல்லக்கூடியவர்கள் உள்ளே இறங்கி உழைத்தவர்களே. அவர்களும் முதுமை அடைந்துவிட்டனர்.

மாரிகுப்பம் முதல் உரிகம் வரை ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடிய ஒரு பணி உண்டு. வீட்டுப் பெரியவரின் சம்மதம் பெற்று, மின்விசிறியை நிறுத்தி, கைபேசியை அவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். "என்ன பார்த்தீர்கள்?" என்பதோடு "என்ன கேட்டீர்கள்?" என்றும் கேளுங்கள். சங்கு எப்படி ஊதியது என்று வாயால் ஒலித்துக் காட்டச் சொல்லுங்கள். பெயர், வேலை பார்த்த சுரங்கம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, பதிவை இரண்டு இடங்களில் பாதுகாத்து வையுங்கள். மூதாதையர் குரலைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் ஒரு சொத்துதான்.