நீர் தரும் ஒளி: விமலசுரேந்திரவின் கருத்தும் இன்றைய தூய சக்தியும்



"தூய சக்தியின் அவசியத்தை விளக்குக" என்று கேட்டால் பலர் "புகை இல்லை, செலவு குறைவு" என இரண்டு வரியில் முடித்து விடுகின்றனர். அது முழு விடை ஆகாது. நமது நாட்டு உதாரணம் ஒன்றின் மூலம் இதனை நோக்குவோம்.

1. டி. ஜே. விமலசுரேந்திர (1874 - 1953)

காலியில் பிறந்த இப்பொறியியலாளர் இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். 1912இல் நுவரெலியா பிளாக்பூலில் சிறிய நீர்மின் நிலையமொன்றை அமைத்தார். மஸ்கெலிய ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் நீரிலிருந்து மின்சாரம் பெறலாம் என 1918இல் ஆய்வுக் கட்டுரை சமர்ப்பித்தார். ஓய்வு பெற்ற பின், 1931இல் டொனமூர் யாப்பின் கீழ் அரசாங்க சபைக்கு இரத்தினபுரி உறுப்பினராகத் தெரிவானார்.

2. அவரது கருத்து

மலைநாட்டு ஆறுகள் தரும் மின்சாரமே கைத்தொழில் வளர்ச்சிக்கு அடிப்படை. புகையிரதங்களும் மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. 1920களில் தொடங்கி இடைநிறுத்தப்பட்ட லக்சபான திட்டத்திற்காக அவர் தொடர்ந்து குரல் கொடுத்தார். அத்திட்டம் 1950இல் நிறைவேறியது.

3. இன்றைய முக்கியத்துவம்

அவர் பேசியது பொருளாதாரம் பற்றியே. அன்று காலநிலை மாற்றம் ஓர் அரசியல் பிரச்சினையாக இருக்கவில்லை. இன்றோ நிலக்கரியை எரிப்பதால் வெளியேறும் காபனீரொட்சைட்டு புவியை வெப்பமடையச் செய்கிறது என்பதை அறிவோம். 900 மெகாவாற் கொள்ளளவுடைய நுரைச்சோலை நிலையம் நிலக்கரியிலேயே இயங்குகிறது. எனவே 2030இல் மின்சாரத்தில் 70 சதவீதத்தை மீள்புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதை நாடு இலக்காகக் கொண்டுள்ளது.

ஆயினும் நீர்மின்சாரம் மழையை நம்பியுள்ளது. 1996இல் வரட்சியால் நீண்ட மின்வெட்டு ஏற்பட்டது. காலநிலை மாற்றத்தால் மழை மேலும் நிச்சயமற்றதாகிறது. ஆகவே சூரிய சக்தியும் காற்றுச் சக்தியும் துணையாக வேண்டும்.

4. நமது ஊர் தரும் பாடம்

உமா ஓயா நீரை மலையூடாகச் சுரங்கம் வழியே கொண்டு சென்று வெல்லவாய பக்கத்தில் 120 மெகாவாற் மின்சாரம் பெறும் திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. சுரங்கம் தோண்டும்போது 2014 இறுதியில் நிலத்தடி நீர் உள்ளே பெருக்கெடுத்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீடுகளில் வெடிப்புகள் தோன்றின. 2017 ஜூனில் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர்.

இம்மின்சாரத்தில் புகை இல்லை. ஆனால் கிணற்றை இழந்தவருக்கு அது மட்டும் ஆறுதலாகுமா? பயன் யாருக்கு, பாதிப்பு யாருக்கு எனக் கேட்பதும் சக்திக் கொள்கையின் ஒரு பகுதியே. விமலசுரேந்திரவின் கனவை மதிப்பவர்களும் இதனைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

மாதிரி வினா

(அ) விமலசுரேந்திரவின் பங்களிப்புகள் இரண்டினைக் குறிப்பிடுக. (2 புள்ளிகள்)
(ஆ) காலநிலை மாற்றம் நீர்மின் உற்பத்தியைப் பாதிக்கும் விதத்தை விளக்குக. (3 புள்ளிகள்)
(இ) "தூய சக்தித் திட்டமும் பாதிப்பை ஏற்படுத்தலாம்." உள்ளூர் உதாரணத்துடன் ஆராய்க. (5 புள்ளிகள்)

குறிப்பு: (இ) பகுதியில் நன்மை, பாதிப்பு, தீர்வு ஆகிய மூன்றையும் எழுதுக. ஒன்றை விட்டாலும் விடை முழுமை பெறாது.