சாப்ளினை இயக்கிய பெண்மணி

ஊமைப் படங்களின் நகைச்சுவை என்றவுடன் சார்லி சாப்ளினின் குறுமீசையும் தொளதொளத்த கால்சட்டையும் நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. அந்த நாடோடி வேடத்தில் அவரை முதன்முதலாகப் படம் பிடித்தபோது, டைரக்டராக இருந்தவர் ஒரு பெண்மணி என்பதைப் பலர் அறியார். மேபெல் நார்மண்ட் என்பது அவ்வம்மையாரின் பெயர்.

1892-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் பிறந்த நார்மண்ட், இளமையில் ஓவியர்கள் பார்த்து வரைவதற்காக நின்று பொருளீட்டினார். பின்னர் பயோகிராஃப் படக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கிருந்த மாக் சென்னட் 1912-இல் கீஸ்டோன் கம்பெனியைத் தொடங்கியபோது, அதன் தலையாய நடிகையாக இவர் விளங்கினார். பல படங்களின் தலைப்பிலேயே 'மேபெல்' என்னும் பெயர் இடம்பெற்றது. மக்களை இழுக்க அப்பெயர் ஒன்றே போதுமானதாயிருந்தது.

அவர் நடிப்பின் சிறப்பு யாது? பேச்சில்லாப் படத்தில் ஓடுவதும் விழுவதும் அடிபடுவதும் எளிதில் சிரிப்பூட்டும். நார்மண்ட் அவற்றையும் செய்தார். எனினும், உள்ளத்தில் எழும் எண்ணத்தை முகத்தில் காட்டுவதே அவரது தனித்திறமை. 1923-இல் வெளிவந்த 'தி எக்ஸ்ட்ரா கேர்ள்' படத்தில், சிங்க வேடமிட்ட நாய் என்றெண்ணி உண்மைச் சிங்கத்தையே கயிற்றில் கட்டி இழுத்துச் செல்கிறார். அவர் முகத்தில் அச்சம் சிறிதும் இல்லை. ஆகவே, நமக்கு அச்சமும் சிரிப்பும் ஒருங்கே எழுகின்றன.

1914-இல் சாப்ளின் கீஸ்டோனுக்குப் புதியவராக வந்தார். நாடோடி வேடத்தில் அவர் முதலில் நடித்த 'மேபெல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிக்கமென்ட்' படத்தை இயக்கியவராகக் குறிக்கப்படுபவர் நார்மண்டே. அப்போது அவருக்கு வயது 21. அடுத்து, 'மேபெல் அட் தி வீல்' படப்பிடிப்பில் இருவருக்கும் பிணக்கு நேர்ந்தது. அவருடைய டைரக்டர் திறமையில் தமக்கு ஐயமிருந்ததாகச் சாப்ளின் 1964-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். உலகம் அந்த ஒரு பக்கத்தையே கேட்டது. பதிலுரைக்க நார்மண்ட் உயிரோடு இல்லை. ஆயினும், அதே ஆண்டில் இருவரும் சேர்ந்து மேலும் பல படங்களில் நடித்தனர் என்பதையும் மறத்தலாகாது.

1916-இல் அவர் பெயராலேயே ஒரு படக் கம்பெனி அமைந்தது. அதன் 'மிக்கி' என்ற படம் 1918-இல் வெளியாகிப் பெருவெற்றி கண்டது. ஆனால், 1922-இல் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் என்ற டைரக்டர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாலை அவரைச் சந்தித்துச் சென்றவர் நார்மண்ட். அவர்மீது வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. என்றாலும், செய்தித்தாள்கள் அவரை விடவில்லை. காசநோயும் வாட்டியது. 1930-இல், தம் 37-ஆம் வயதில் காலமானார்.

அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். நாளடைவில் தானே சிதையும். பேசும் படம் வந்தபின் பழைய சுருள்களைக் காப்பார் அருகினர். இவ்வாறு அவருடைய படங்கள் பல அழிந்தன. வதந்தியோ அழியவில்லை! படைப்பு மறைந்து வதந்தி மட்டும் எஞ்சினால், வரலாறு எவ்வாறு நேர்மையாகும்?

நல்வாய்ப்பாக, அவர் இயக்கி நடித்த 1914-ஆம் ஆண்டுப் படமாகிய 'மேபெல்ஸ் பிளண்டர்' 2009-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவர் இயக்கிய மற்றொரு படம் 2010-இல் நியூசிலாந்தில் கண்டெடுக்கப்பட்டது. மீட்கப்படும் ஒவ்வொரு சுருளும் அவர் சார்பில் சொல்லப்படும் சாட்சியமாகும்.