டச்பேட் வேலை செய்யவில்லையா? கடைக்குத் தூக்கிச் செல்லும் முன்...



நமது வீடுகளில் அலமாரிக்குள் தூங்கும் லேப்டாப்களில் பல, அரசு கொடுத்தவை. 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்தவை. ஆரம்பத்தில் கொடுக்கப்பட்டவற்றில் விண்டோஸ் 7 உடன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' இயங்குதளமும் இருந்தது. பலர் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாமல் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்களுக்கு மாறலாம். கிராக் செய்த விண்டோஸைப் போட்டுக்கொண்டு மனம் உறுத்தவும் வேண்டியதில்லை. ஆனால் மாறியவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார், "டச்பேட் வேலை செய்யல" என்பதுதான்.

திருவண்ணாமலையில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும், கடைசித் தேதி நெருங்குகிறது, டச்பேடில் கர்சர் அசையவில்லை. டச்பேடையே மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அத்தா பணத்தோடு கிளம்பிய நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நகராது என்பதால் மறுநாள் போகலாம் என்று இருந்துவிட்டார். அன்று மாலை நாம் போய்ப் பார்த்தபோது, எப்போதோ தொலைந்துபோன வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர் மட்டும் யூஎஸ்பி துளையில் சொருகியபடியே இருந்தது. மவுஸ் இணைந்திருக்கும்போது டச்பேடை நிறுத்தி வைக்கும் வசதி செட்டிங்ஸில் ஆன் ஆகியிருந்தது. ரிசீவரைப் பிடுங்கினோம், கர்சர் ஓடியது. அல்ஹம்துலில்லாஹ், விண்ணப்பமும் அன்றிரவே போய்விட்டது.

பெரும்பாலும் கதை இப்படித்தான். கீபோர்டின் மேல்வரிசையில் டச்பேட் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கும். எஃப்என் பட்டனோடு சேர்த்து அதைத் தெரியாமல் அழுத்தியிருப்பார்கள். மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும். கர்சர் நகர்கிறது, ஆனால் விரலால் தட்டினால் கிளிக் ஆகவில்லை என்றால் அது பழுதே அல்ல. சில லினக்ஸ்களில் 'டேப் டு கிளிக்' வசதி அணைக்கப்பட்ட நிலையிலேயே வரும். சாதாரண மவுஸ் ஒன்றை இணைத்து, செட்டிங்ஸில் மவுஸ் அண்ட் டச்பேட் பகுதிக்குப் போய் அதை ஆன் செய்தால் போதும். டைப் செய்யும்போது உள்ளங்கை பட்டு கர்சர் தாவுகிறதா? அதைத் தடுக்கும் வசதியும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

லேப்டாப் தூங்கி எழுந்த பிறகு மட்டும் டச்பேட் செத்துப்போனால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது தினமும் தொடர்ந்தால், பழைய மாடல்களில் பிஎஸ்மவுஸ் என்ற டிரைவரை நீக்கி மீண்டும் ஏற்றிப் பார்க்கலாம். லினக்ஸ் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு நிமிட வேலை. புத்தம் புதிய லேப்டாப் என்றால் கர்னலை அப்டேட் செய்து பாருங்கள், பழைய கர்னலுக்கு அந்த டச்பேடை அடையாளம் தெரியாமல் இருக்கலாம்.

சார்ஜர் சொருகியிருக்கும்போது மட்டும் கர்சர் துள்ளினால் லினக்ஸைத் திட்டாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கியதும் துள்ளல் நின்றால், கோளாறு சார்ஜரில் அல்லது வீட்டின் எர்த் இணைப்பில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம். டச்பேட் கல் மாதிரி இறுகி அழுத்த முடியாமல் இருக்கிறதா? லேப்டாப்பை மேஜையில் வைத்துக் கண்மட்டத்தில் பாருங்கள். டச்பேட் மேலே புடைத்திருந்தாலோ, அடிப்பாகம் சமமாக உட்காராமல் ஆடினாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். பல மாடல்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. உடனே ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். அழுத்திச் சரிசெய்யவோ, குத்திப் பார்க்கவோ கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அந்த லேப்டாப் மெத்தைமேல், பிள்ளைகள் பக்கத்தில், இரவெல்லாம் சார்ஜில் கிடப்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். பேட்டரியைக் கடையில்தான் மாற்ற வேண்டும்.

புடைப்பும் இல்லை, செட்டிங்ஸும் சரி, அப்படியும் வேலை செய்யவில்லை என்றால் கடைசியாக ஒரு சோதனை. லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவைச் சொருகி, இன்ஸ்டால் செய்யாமல் 'லைவ்' முறையில் இயக்குங்கள். அதில் டச்பேட் ஓடினால் குறை உங்கள் இயங்குதளத்தின் அமைப்பில்தான், பணம் செலவழிக்கத் தேவையில்லை. அதிலும் ஓடாமல், பழைய விண்டோஸ் இருந்து அதிலும் ஓடவில்லை என்றால் கடைக்குப் போகலாம். போனதும், டச்பேடை மாற்றுவதற்கு முன் அதன் ரிப்பன் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அது தளர்ந்திருந்தாலே இத்தனையும் நடக்கும்.