போர்டு மாற்றினால் பேக்அப்பையும் பாருங்கள்

கம்ப்யூட்டரில் போர்டு மாற்றுவதைத் தராசுக்குத் தட்டு மாற்றுவது போலத்தான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மெக்கானிக் வருவார், மாட்டுவார், திரை எரியும், காசு கொடுத்து அனுப்பிவிடுவோம். நாமும் அப்படித்தான் இருந்தோம். அதனால் நம் மொத்தக் கடையில் ஒரு நாள் கணக்கு முழுவதும் போயிற்று. அது எப்படிப் போயிற்று என்பதைச் சொன்னால் மற்றவர்களுக்கு உதவும்.

நம் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்கு ஒரு சிறிய டிஸ்க். அதைத் தவிர ஒரே அளவில் இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றில் கணக்கு, அதற்கு 'டி' என்று பெயர். மற்றொன்றில் பேக்அப், அது 'ஈ'. தினமும் இரவு பத்து மணிக்கு பேக்அப் சாஃப்ட்வேர் தானாக ஓடி, 'டி'யில் உள்ளதை அப்படியே 'ஈ'யில் எழுதிவிடும். ஒரு சனிக்கிழமை மாலை மின்சாரம் ஏறி இறங்கியதில் போர்டு எரிந்துபோனது. திங்கட்கிழமை புது போர்டு மாட்டி, விண்டோஸையும் புதிதாகப் போட்டார்கள். பேக்அப் சாஃப்ட்வேரில் பழைய அமைப்பையே மறுபடி ஏற்றினார்கள். கணக்கு திறந்தது, பில் போட்டோம், தினமும் 'வெற்றி' என்று பச்சையில் செய்தியும் வந்தது.

வியாழக்கிழமை, பாக்கி கேட்டு ஆள் அனுப்பிய இடத்தில் ஒரு கடைக்காரர் போன் செய்தார். "அண்ணாச்சி, சனிக்கிழமைதானே உங்க கையில எண்ணிக் கொடுத்தேன்? இத்தனை வருசப் பழக்கத்துல இப்படிக் கேட்டு விடலாமா?" என்றார். பேரேட்டைப் பார்த்தால் வரவு இல்லை. அவருடைய வரவு மட்டுமல்ல, சனிக்கிழமை என்ற நாளே கணக்கில் இல்லை. அன்று போட்ட பில் எண்களே திங்கட்கிழமை மறுபடி விழுந்திருந்தன.

நடந்தது இதுதான். புது விண்டோஸ் டிஸ்க்குகளுக்குப் பெயர் வைத்தபோது இரண்டும் இடம் மாறிவிட்டன. பேக்அப் டிஸ்க் 'டி' ஆகியது, கணக்கு டிஸ்க் 'ஈ' ஆகியது. இரண்டிலும் ஒரே பெயரில் ஃபோல்டர் இருந்ததால் வெள்ளிக்கிழமை இரவு வரையிலான நகல் எந்தத் தடையும் இல்லாமல் திறந்துகொண்டது. சனிக்கிழமைக் கணக்கு மற்ற டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருந்தது, திங்கள் இரவு பத்து மணி வரை. பத்து மணிக்கு பேக்அப் சாஃப்ட்வேர் சொன்ன சொல் தவறாமல் 'டி'யை எடுத்து 'ஈ'யின் மேல் எழுதி அதை அழித்துவிட்டது. கார்பன் நகல்களை வைத்துச் சனிக்கிழமையைத் திரும்ப ஏற்றி, இரட்டை எண்களை ஆடிட்டரைக் கேட்டுச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. அந்தக் கடைக்காரரிடம் நாமே நேரில் போய் வருத்தம் சொல்லிவிட்டு வந்தோம்.

இதில் சாஃப்ட்வேரைக் குற்றம் சொல்ல இடமில்லை. கிடங்கில் முதல் வரிசை துவரம்பருப்பு, இரண்டாம் வரிசை உளுந்து என்று இடத்தை வைத்து ஆளுக்குச் சொல்லிவைத்தால், வரிசை மாறிய அன்று அவன் உளுந்தைத் துவரை என்றுதான் ஏற்றுவான். மூட்டையின் மார்க்காவைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று விண்டோஸ் காட்டும் எண்களும் இப்படி வரிசை எண்கள்தாம். மெஷின் எழும்போது எது முதலில் கண்ணில் பட்டதோ அதற்கு முதல் எண். போர்டு மாறினாலும், கேபிளை வேறு துளையில் செருகினாலும், ஒரு டிஸ்க் கூடினாலும் அது மாறலாம். 'டி', 'ஈ' என்ற எழுத்துகளைப் பழைய விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அந்த நினைவும் போய்விடும். பென்டிரைவில் இருந்து மெஷினை எழுப்பிப் பேக்அப்பைத் திருப்பும்போதும் எழுத்துகள் வேறாகத் தெரியலாம்.

ஆகவே மாறாத அடையாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்தால் எல்லா டிஸ்க்கும் அளவோடு தெரியும். 500 ஜிபி டிஸ்க் 465 என்றும், 1 டிபி டிஸ்க் 931 என்றும் காட்டும். எடை குறைவு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். நம்முடையவை போல இரண்டும் ஒரே அளவாக இருந்தால் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். பேக்அப் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, மெஷினை எழுப்பி, மீதி இருப்பது எது என்று பார்ப்பது இன்னும் நிச்சயம். கழற்றுவதும் மாட்டுவதும் மெஷினை அணைத்த பிறகுதான்.

அடையாளம் தெரிந்ததும் டிஸ்க்குகளுக்குக் 'கணக்கு', 'பேக்அப்' என்று பெயர் கொடுங்கள். பேக்அப்புக்கு 'இசட்' போலத் தள்ளி நிற்கும் எழுத்தைக் கொடுத்தால் வேறொன்று தானாக வந்து அந்த இடத்தில் உட்காராது. இரண்டிலும் ஃபோல்டர் பெயர் வேறு வேறாக இருக்கட்டும். நம்மிடம் அப்படி இருந்திருந்தால் திங்கட்கிழமை காலையிலேயே கணக்கு திறக்காமல் நின்று நம்மை எச்சரித்திருக்கும். சாஃப்ட்வேரில் பழைய அமைப்பை ஏற்றாமல், எங்கிருந்து எங்கே என்பதைப் புதிதாகவே அமைக்க வேண்டும். அதுவரை தானாக ஓடுவதை நிறுத்திவைப்பது அவசியம். ஒரு டிஸ்க்கை முழுதாக இன்னொன்றுக்கு நகலெடுக்கும் வேலையானால் இரு மடங்கு கவனம் வேண்டும். மூலமும் சேருமிடமும் மாறினால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கைக் காலியாக்கிவிடும்.

போர்டு மாற்றிய பின் விண்டோஸ் இல்லை என்று மெஷின் சொன்னாலும் பதற வேண்டாம். பெரும்பாலும் எந்த டிஸ்க்கில் இருந்து எழ வேண்டும் என்ற வரிசை பயாஸில் மாறியிருக்கும். போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்தாலும் இப்படி ஆவதுண்டு. 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். அதற்குள் எந்த மெஷினிலும் ஏதாவது ஒன்று மாறத்தான் செய்யும். இப்போது நம் கடையில் மெஷினைத் திறக்கும் முன் கடைசி பில் எண்ணையும் ரொக்க இருப்பையும் சிட்டையில் எழுதி, கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போடுகிறார். மெக்கானிக் முடித்ததும் திரையில் அதே எண், அதே இருப்பு வந்தால்தான் முதல் பில். மறுநாள் காலை பேக்அப்பையும் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து கடைசி எண்ணை ஒத்துப்பார்க்கிறோம்.

இன்னொன்று. விண்டோஸில் 'பிட்லாக்கர்' பூட்டு போட்டிருந்தால், போர்டு மாறியதும் 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கும். சில புது மெஷின்களில் அந்தப் பூட்டு நாம் கேட்காமலே போடப்பட்டிருக்கும். போர்டைக் கழற்றும் முன்பே அந்த எண்ணை எழுதி இரும்புப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.